வேலூர்ப் பக்கம் வீடு சுத்தம்: எந்த மாதத்தில் எந்த வேலை

நீங்கள் கேட்டது இதுதான்: சென்னையிலிருந்து காட்பாடிக்குக் குடிவந்திருக்கிறோம், மாடி, சம்பு, போர் எல்லாம் உள்ள தனி வீடு, இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், மாமியார் போகிக்கு முந்தின வாரத்தில் மொத்த வீட்டையும் புரட்டிப் போடச் சொல்கிறார், இதை வருஷம் முழுக்கப் பிரித்துச் செய்ய வழி இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் முதலில் சென்னைக் கணக்கை மறந்துவிடுங்கள். அங்கே மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை; அதற்கு முன்னால் மாடியைக் கூட்டி, குழாயைப் பார்த்து, டிரம்மைக் கவிழ்த்து வைத்தால் போதும் என்று பழகியிருப்பீர்கள். வேலூர், குடியாத்தம், ஆம்பூர் பக்கம் அப்படி இல்லை. ஜூனிலிருந்து செப்டம்பர் வரைக்கும் இங்கே நல்ல மழை உண்டு, வருஷத்து மழையில் கிட்டத்தட்ட பாதி அந்த நாலு மாதத்திலேயே வந்துவிடும். பகல் முழுக்கக் காய்ச்சி எடுத்துவிட்டு, சாயங்காலம் மேற்கே இருட்டிக்கொண்டு வந்து, ஒரு மணி நேரம் இடியோடு கொட்டிவிட்டுப் போகிற மழை. அப்புறம் ஐப்பசியில் வடகிழக்குப் பருவம் தனியாக வரும். ஆகவே இந்த ஊரில் மழைக்கு முந்தின வேலை வருஷத்துக்கு இரண்டு தடவை. அந்த இரண்டுக்கும் முன்னால், மாசியிலிருந்து வைகாசி வரைக்கும், எதைப் போட்டாலும் காய்ந்துவிடுகிற வெயில். உங்கள் திட்டம் இந்த மூன்றைச் சுற்றித்தான் இருக்க வேண்டும், பண்டிகையைச் சுற்றி அல்ல.

மாமியார் சொல்வதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். மண் சுவர், சாணம் மெழுகிய தரை, ஓட்டு வீடு இருந்த காலத்தில் கார்த்திகை மழை முடிந்தால் சுவர் கரைந்திருக்கும், தரை பெயர்ந்திருக்கும். நெல் வீட்டுக்கு வருமுன் பூசி மெழுகி வெள்ளையடித்தே ஆக வேண்டும். சுண்ணாம்புக்குச் சுவரில் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் ஒன்றும் ஆகாது, சொல்லப்போனால் சுவரை நனைத்துவிட்டுத்தான் அடிப்பார்கள். இன்று நம் சுவரில் இருப்பது எமல்ஷன். மழை நனைத்த சுவர் முழுசாகக் காயுமுன் மார்கழிக் கடைசியில் அதை அடித்தால், உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் வெளியே வரப் பார்த்து, பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு உரியும். பொங்கலுக்குப் புதுப் பெயிண்ட் என்ற பழக்கத்தை விட்டுவிட்டு மாசி, பங்குனியில் அடியுங்கள். போகிக்குப் பரணை இறக்குங்கள், வேண்டாததைக் கொடுங்கள், ஒட்டடை அடியுங்கள், வாசலைக் கழுவுங்கள். அவ்வளவு போதும். மாமியாருக்கும் வீடு புரண்ட மாதிரி தெரியும். (பழைய டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்துவதை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.)

தை கடைசி, மாசி மாதம் துணிக்கும் மரத்துக்கும் உரியது. பனி குறைந்திருக்கும், வெயில் இன்னும் சுடாது, காற்றில் ஈரம் இல்லை. பீரோவில் இருக்கும் பட்டுப் புடவைகளை, ஆரணிப் பட்டோ காஞ்சிப் பட்டோ, வெளியே எடுத்து நிழலில் ஒரு மணி நேரம் விரித்து வைத்து, பழைய மடிப்பிலேயே மடிக்காமல் மாற்றி மடித்து, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். ஒரே மடிப்பில் வருஷக்கணக்கில் இருந்தால் ஜரிகை அந்த வரியிலேயே விட்டுப்போகும். அந்துருண்டையைப் புடவை மேல் நேராகப் போடாமல் ஒரு துணியில் முடிந்து மூலையில் வைத்தால் போதும். கம்பளி, தடிப் போர்வை, திரைச்சீலை எல்லாம் துவைக்கிற மாதமும் இதுதான், போரில் இன்னும் தண்ணீர் இருக்கும்போதே. இதைச் சித்திரைக்குத் தள்ளினால் வெயில் இருக்கும், துவைக்கத் தண்ணீர் இருக்காது.

ஏசிக்காரரையும் மாசியிலேயே கூப்பிடுங்கள். ஏப்ரலில் கூப்பிட்டால் போனையே எடுக்க மாட்டார். வெளி யூனிட்டை அவர் பார்க்கட்டும், உள்ளே இருக்கும் ஃபில்டரை நீங்களே கழற்றிக் குழாயடியில் கழுவி நிழலில் உலர்த்தி மாட்டலாம், கோடை முழுக்க இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. சத்துவாச்சாரி மாதிரி பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டின வீடாக இருந்தால் அதற்கு முன்பே ஃபில்டர் பழுப்பாகிவிடும். ஏர் கூலர் வைத்திருந்தால் இந்த ஊர் உப்புத் தண்ணீரில் அதன் பேட் ஒரே கோடையில் வெள்ளையாகக் கெட்டிப்பட்டுக் காற்றே விடாமல் போய்விடும். அதைச் சுரண்டிக்கொண்டு இருக்காதீர்கள், மாற்றிவிடுங்கள். ஃபேனுக்கு ஒரு சின்ன வழி: பழைய தலையணை உறையை இறக்கையில் மாட்டி அழுத்தி இழுத்தால் தூசி முழுக்க உறைக்குள்ளேயே விழும், கட்டிலில் கொட்டாது.

இப்போது மாடி. இந்த ஊரில் வருஷத்து வேலையில் பாதி மாடியில்தான் இருக்கிறது. தெருவில் வேப்பமரம் இருந்தால் மாசி, பங்குனியில் இலை முழுக்கக் கொட்டும், சித்திரையில் பூ கொட்டும். இலை கொட்டி முடிந்ததும் ஒரு பெரிய கூட்டல், தென்னந்துடைப்பத்தால். பூவைக் கூட்டித் தள்ள வேண்டாம். ஒரு பழைய வேட்டியை மரத்துக்கு நேராக விரித்து வைத்தால் அதிலேயே விழும், காய வைத்து எடுத்து வைத்தால் வருஷத்து ரசத்துக்கு ஆகும். கூட்டின கையோடு மாடியைக் கழுவிக் காயவிட்டு, வெடிப்பு இருந்தால் அடைத்து, பங்குனி முடிவதற்குள் வெள்ளைச் சுண்ணாம்போ கூல் பெயிண்டோ அடித்துவிடுங்கள். வேலூர்க் கோடையைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை, மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே செய்தியே இல்லை. சுற்றிலும் கல்மலை, பகலில் வாங்கின சூட்டை ராத்திரியில்தான் விடும். மாடி வெள்ளையாக இருந்தால் மேல்மாடி அறையில் படுக்க முடிகிறது. சுண்ணாம்பு மழையில் கரைந்து போகும்தான், அடுத்த வருஷம் மறுபடி அடிக்க வேண்டியதுதான், விலையும் பெரிதில்லை.

மாடி சுத்தமாக இருந்தால் அதற்கப்புறம் வருகிற சித்திரை முழுக்க அது உங்களுக்கு உழைக்கும். வடகமும் வத்தலும் போடலாம். மிளகாய், தனியா, மஞ்சள் காய வைத்து வருஷத்துக்கு அரைத்து வைக்கலாம். மாசி, பங்குனியில் புதுப்புளி வந்துவிடும். கொட்டை எடுத்துக் காய வைத்து, உப்புப் போட்டுப் பானையில் அடைத்து வைக்கிற வேலை உண்டு. இதற்கெல்லாம் முன்னால் சமையலறையில் இருக்கும் ஜாடி, டப்பா, எவர்சில்வர் தூக்கு எல்லாவற்றையும் காலி பண்ணிக் கழுவி ஒரு முழுப் பகல் வெயிலில் கவிழ்த்து, நிமிர்த்து வைத்துக் காய்ந்த பிறகுதான் புதுச் சரக்கை நிரப்ப வேண்டும். சமையலறைப் பெருஞ்சுத்தத்தைப் பங்குனிக்கு நான் வைத்திருப்பது இதனால்தான். போகிக்குக் கழுவின ஜாடியில் ஈரம் ஒளிந்திருக்கும், வண்டும் பூஞ்சணமும் அங்கேதான் ஆரம்பிக்கும். இலவம்பஞ்சு மெத்தை, தலையணைகளும் இதே வெயிலுக்குத்தான்: காலை எட்டு மணிக்குப் போட்டு, மத்தியானம் திருப்பிப் போட்டு, மூன்று மணிக்குள் தட்டி எடுத்துவிட வேண்டும். சாயங்காலம் வரை விட்டால் கோடை மழை ஒன்று திடீரென்று வந்து மெத்தையை ஊறவைத்துவிடும்.

கத்திரி வெயிலில், அதாவது மே முதல் வாரத்திலிருந்து கடைசி வாரம் வரை, பெரிய வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். உடம்புக்கும் ஆகாது, தண்ணீரும் இருக்காது. காலையில் கூட்டி, ஈரத்துணியால் துடைத்தால் போதும். வெளியே அடுக்கி வைத்த செங்கல், விறகு, பழைய ஓடு ஏதாவது இருந்தால் மட்டும் கவனம். மலையடிவாரப் பக்கம் என்றால் தேளும் பாம்பும் குளிர்ச்சி தேடி அதற்கடியில் வந்து இருக்கும். அதை நகர்த்துகிற வேலையைப் பட்டப்பகலில், கம்பால் தட்டிவிட்டு, காலில் செருப்போடு செய்யுங்கள்.

கத்திரி முடிகிற சமயம் சம்பைச் சுத்தம் செய்யச் சரியான நேரம். எப்படியும் தண்ணீர் அடியில் கிடக்கும், வீணாகக் கொட்ட வேண்டியதில்லை. கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்: மூடியைத் திறந்த உடனே யாரையும் உள்ளே இறக்காதீர்கள். மூடிக் கிடந்த தொட்டிக்குள் பிராணவாயு குறைந்திருக்கலாம், கெட்ட வாயு தேங்கியிருக்கலாம். இறங்கினவர் மயங்கி விழுந்து, தூக்கப் போனவரும் விழுந்து செத்த சம்பவங்கள் நம் ஊர்களில் திரும்பத் திரும்ப நடக்கின்றன. பல மணி நேரம் திறந்து வைத்து, டேபிள் ஃபேனை மேலே வைத்து உள்ளே காற்று ஊதி, இறங்குகிறவர் இடுப்பில் கயிறு கட்டி, மேலே இரண்டு பேர் நின்றபடி இறங்கட்டும். மோட்டார் வயர் உள்ளே போகிறது என்றால் மெயினை அணைத்துவிடுங்கள். ஆழமான சம்பாக இருந்தால் யாருமே இறங்க வேண்டாம். மேலிருந்தே பீய்ச்சிக் கழுவிச் சேற்றை பம்ப்பால் உறிஞ்சி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். கழுவி முடித்துத் தண்ணீர் நிரப்பியதும் ஆயிரம் லிட்டருக்கு சுமார் 4 கிராம் பிளீச்சிங் பவுடர்; அதைத் தூளாக அப்படியே கொட்டாமல், ஒரு வாளித் தண்ணீரில் கலக்கித் தெளியவிட்டு, மேலே இருக்கும் தெளிவை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம். ஒன்றை மறக்கக் கூடாது. பிளீச்சிங் பவுடரையும் கழிவறைக்கு ஊற்றுகிற ஆசிடையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் தொடவே தொடாதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து.

ஜூன் பிறக்குமுன் மழைத் தண்ணீர் இறங்குகிற குழாயின் வாயைப் போய்ப் பாருங்கள், எட்ட நின்று பார்க்காமல் குனிந்து கையை விட்டுப் பாருங்கள். வேப்பிலை மக்கி ஒரு அடை மாதிரி உட்கார்ந்திருக்கும், அதன் மேல் காக்கை கொண்டுவந்து போட்ட எலும்பு, பட்டத்து நூல், பால் கவர். மேலே பார்த்தால் காய்ந்த சருகு நாலு கிடக்கிறது என்றுதான் தோன்றும். ஆனி மாதத்து முதல் இடி மழையில் அந்த அடை ஊறிக் கெட்டியாகி, மாடி முழுக்கக் கணுக்கால் தண்ணீர் நின்று, இரண்டு நாளில் கீழ் அறை மூலையில் ஓதம் இறங்கும். சென்னையிலிருந்து வருகிறவர்கள் இதைப் புரட்டாசிக்குத் தள்ளிப்போட்டுவிட்டு மாட்டிக்கொள்வதை இங்கே அடிக்கடி பார்க்கிறேன். வாய்க்கு ஒரு ஜல்லடை மூடி போட்டுவிடுங்கள், ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக் கீழே வருகிறதா என்று பாருங்கள். இதே வேலையை ஐப்பசிக்கு முன்னால் மறுபடி ஒருமுறை.

முதல் மழை விட்ட சாயங்காலம் ஈசல் கிளம்பும். விளக்கை அணைத்து ஜன்னலைச் சாத்துங்கள், மறுநாள் காலையில் இறக்கையைக் கூட்டித் தள்ளுங்கள். அதோடு நிற்காமல் கதவு நிலை, ஜன்னல் சட்டம், பரணில் உள்ள பலகை எல்லாவற்றையும் விரலால் தட்டிப் பாருங்கள். ஈசல் என்பது இறக்கை முளைத்த கரையான்தானே, வீட்டுக்குள்ளிருந்தே கிளம்பியிருந்தால் புற்று உங்கள் சுவரிலேயே இருக்கிறது என்று அர்த்தம். தட்டினால் பொத்தென்று ஓசை வருகிற இடம், சுவரோரம் மண் கோடு ஏறியிருக்கிற இடம், அங்கே உடனே ஆளைக் கூப்பிட வேண்டும், தீபாவளி வரைக்கும் காத்திருக்கிற விஷயம் இல்லை.

ஆடியில் காற்று. திரைச்சீலையை இந்த மாதம் துவைப்பது வீண், ஆவணியில் பார்த்துக்கொள்ளலாம். ஆடிக் கிருத்திகைக்கு வள்ளிமலை, ரத்தினகிரி என்று காவடி எடுத்து வருகிற உறவுக்காரர்கள் வீட்டில் தங்குவார்கள் என்றால் பாத்ரூமையும் படுக்கையறையையும் மட்டும் தயார் செய்தால் போதும்.

ஜூனில் ஆரம்பித்து டிசம்பர் வரைக்கும் ஒரு வேலை வாரா வாரம் தவறக் கூடாது, கொசு. இது மழைக்காகச் செய்கிற வேலை என்று நினைக்கிறோம், ஆனால் நம் ஊரில் கொசு வளர்வது பெரும்பாலும் நாம் பிடித்து வைக்கிற தண்ணீரில். விட்டு விட்டுத் தண்ணீர் வரும் தெருவில் டிரம், அண்டா, சிமெண்ட் தொட்டி இல்லாத வீடு ஏது? டெங்குக் கொசு முட்டையைத் தண்ணீரில் மிதக்கவிடாது. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே டிரம்மின் உள்சுவரில், கறுப்பு மிளகுத் தூளைவிடச் சின்னதாக, ஒட்டி வைக்கும். நீங்கள் தண்ணீரைக் கொட்டிவிட்டு அலசி வைத்தால் அது அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்து போனாலும் மாதக்கணக்கில் சாகாது, மறுபடி தண்ணீர் அந்த மட்டத்துக்கு ஏறினதும் பொரிக்கும். அதனால் தேங்காய் நார் போட்டு உள்சுவரைச் சுற்றிலும் அழுத்தித் தேய்த்தே ஆக வேண்டும். முட்டையிலிருந்து கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் ஆகும், எனவே வாரம் ஒரு தடவை தேய்த்தால் சங்கிலி அறுந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலை என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரம் முடிந்ததும் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தண்ணீர்த் தட்டு, மணி பிளாண்ட் பாட்டில், கோடை முடிந்ததும் மூலையில் தள்ளின கூலரின் தொட்டி, மாடியில் கிடக்கும் பெயிண்ட் வாளி. கூலர் தொட்டியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

புரட்டாசியில் கவிச்சி சமைக்காத வீடு என்றால் அந்த மாதம் ஆரம்பிக்குமுன் ஃப்ரிட்ஜைக் காலி பண்ணித் துடைப்பது, எக்ஸாஸ்ட் ஃபேனின் எண்ணெய்ப் பிசுக்கை வெந்நீரும் சோடா உப்பும் போட்டு எடுப்பது என்று வைத்துக்கொண்டால் நவராத்திரிக்கு அது தனி வேலையாக வராது. ஆயுத பூஜைக்கு வண்டி, மிக்ஸி, கிரைண்டர், தையல் மிஷின் எப்படியும் துடைப்போம். அந்தச் சாக்கில் மிஷினுக்கு எண்ணெயும் விடலாம். கீசரை ஐப்பசிக்கு முன்னால் பார்த்துவிடுங்கள். போர் தண்ணீர் ஓடும் கீசரில் காயில் மேல் சுண்ணாம்புப் பொருக்கு ஏறியிருக்கும், தண்ணீர் சூடாக நேரம் எடுக்கும், கரண்ட் பில் ஏறும். மார்கழியில் கெட்டுப்போனால் ஆள் கிடைப்பது கஷ்டம்.

உப்புத் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், நீங்கள் குழாயெல்லாம் வெள்ளை பூத்துவிடுகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். அதற்கு எலுமிச்சைத் தோலோ வினிகரோ ஒரு துணியில் நனைத்துக் குழாயைச் சுற்றி அரை மணி நேரம் கட்டி வைத்தால் தானே விட்டுவிடும். ஆனால் சமையல் மேடையோ தரையோ கடப்பா கல் என்றால் அதன் மேல் புளிப்பு எதுவும் படக் கூடாது, ஆசிட் அறவே கூடாது. கடப்பா சுண்ணாம்புக் கல் வகை, புளிப்பு பட்ட இடம் பளபளப்புப் போய்ச் சாம்பலாகிவிடும், திரும்ப வராது. மொசைக், மார்பிளுக்கும் இதே கதை. கண்ணாடி, எவர்சில்வர், டைல்ஸ் எல்லாவற்றையும் போர் தண்ணீரில் கழுவலாம், கடைசித் துடைப்பு மட்டும் மாநகராட்சிக் குடிநீரில் பிழிந்த துணியால், துடைத்த உடனே காய்ந்த துணியால் ஒரு தடவை. ஆர்ஓ மெஷின் கழிக்கிற தண்ணீரைச் சேர்த்து வைத்து வீடு துடைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதில் உப்பு இன்னும் அதிகம், தரையில் கோடு விழும். அதை வாசல் தெளிக்கவும் கழிவறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் வீட்டைக் காய்ந்த நிலையில் வைத்திருப்பதே பெரிய வேலை. மெத்தையைத் தொடாதீர்கள், தடித் துணி துவைக்காதீர்கள். பீரோவைச் சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் இடம் விட்டுத் தள்ளிப் போடுங்கள், வெயில் தலைகாட்டுகிற நாளில் அலமாரிக் கதவுகளைத் திறந்து வையுங்கள். தோல் செருப்பு, பெல்ட், கைப்பை, நம் பக்கம் இவை இல்லாத வீடு கிடையாது, பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தால் ஒரே வாரத்தில் பச்சை பூத்துவிடும். காய்ந்த துணியால் துடைத்து, செய்தித்தாளில் சுற்றி, காற்றுப் படுகிற இடத்தில் வையுங்கள். 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்ட மாதிரி ஒரு மழை வந்து தெருத் தண்ணீர் சம்புக்குள் இறங்கிவிட்டால் யோசிக்காதீர்கள், அந்தத் தண்ணீரை முழுக்க வெளியேற்றி, மேலே சொன்னபடி மறுபடி கழுவி, பிளீச்சிங் போட்டு, அதுவரைக்கும் குடிக்கக் கொதிக்க வைத்த தண்ணீர்தான். கார்த்திகை தீபம் முடிந்த மறுநாளே படியில் சிந்தின எண்ணெய் மேல் கோலமாவையோ சாம்பலையோ தூவி உறிஞ்சவிட்டுத் துடைத்துவிடுங்கள், நாலு நாள் விட்டால் தூசி படிந்து கறுப்பாகும்.

இருவரும் வேலைக்குப் போகிறீர்கள் என்பதால் ஒன்று. மாதத்துக்கு ஒரு ஞாயிறைப் பெரிய வேலைக்கு ஒதுக்குங்கள், மீதி ஞாயிறுகளில் டிரம் மட்டும். ஆள் வைத்துச் செய்கிற வேலைகளுக்கு எல்லோரும் கூப்பிடாத மாதத்தில் கூப்பிடுங்கள்: பெயிண்டர் மாசியில் நிதானமாக வருவார், சம்பு கழுவுகிறவர் வைகாசியில் சொன்ன நாளில் வருவார், கூலியும் பேசலாம். போகி வாரத்தில் இவர்கள் யாரையும் பிடிக்க முடியாது என்பதை மாமியாரிடமும் சொல்லிப் பாருங்கள்; அவருக்கே தெரிந்த விஷயம்தான்.